துறவி நண்டும் அடைக்கலமும்

உயிர்களுக்கு மனிதன் இட்ட பெயர்கள் சிலவேளைகளில் அவ்வுயிர்களைக் காட்டிலும் மனிதனையே நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன. கடற்கரை மணலில் நத்தையின் வெற்றோட்டைச் சுமந்து ஊர்ந்து செல்லும் சிறு நண்டைக் கண்ட ஆங்கிலேயன், குகையிலே தனித்துறையும் முனிவன் ஒருவனை நினைத்துக்கொண்டு அதற்குத் துறவியின் பெயரைச் சூட்டினான். நாமும் அதனைத் தமிழாக்கித் 'துறவி நண்டு' என வழங்குகின்றோம். யப்பானியர் பார்வை வேறு. அவர்கள் இதனை 'யாடோகாரி' என்பர். தங்குமிடத்தை இரவல் வாங்கியவன் என்பது அதன் பொருள்.

மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு. பிரெஞ்சு நாட்டு உயிரியல் அறிஞர் பியேர் அந்திரே லத்ரேய், தரையில் வாழும் துறவி நண்டுகளின் பேரினத்துக்கு 1829ஆம் ஆண்டில் 'கோயனோபிற்றா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கூடி வாழ்தல்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், மடத்திலே பலரோடு ஒருங்கிருந்து வாழும் துறவியைக் குறிப்பது. லத்ரேய் தாமும் 1786இல் குருப்பட்டம் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிறையிடப்பட்டு, சிறைக்கூடத்திலே தாம் கண்டெடுத்த அரிய வண்டு ஒன்றின் நிமித்தம் விடுதலை பெற்றவர். தனிமையையும் கூட்டு வாழ்வையும் ஒருங்கே அறிந்த ஒருவர் இட்ட பெயர் அது.

முனிவன், இரவல் குடியினன், மடத்துவாசி என்னும் இம்மூன்று பெயர்களுள் எது பொருந்தும் என்ற வினா, மொழியாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. இந்நண்டை வீட்டிலே வளர்ப்பவர்கள், அதிலும் வளர்த்த பிராணியை விட்டுச் சில நாள் வெளியூர் செல்ல நேர்ந்தவர்கள், இவ்வினாவுக்கு விடை கண்டே ஆகவேண்டும். விடை தவறினால் உயிரொன்று போகும்.

தரைத் துறவி நண்டுகளை வளர்க்கும் வழக்கம் இன்று அமெரிக்காவிலே பெரிதும் பரந்துள்ளது. அந்நாட்டின் கிழக்குக் கரையில், நியூ ஜேர்சி, மேரிலாந்து முதலிய மாநிலங்களின் கடற்கரைப் பட்டினங்களில், கோடை விடுமுறைக் காலத்தில் நடைபாதையோரக் கடைகள் இவற்றை விற்கின்றன. நியூ ஜேர்சியின் ஓஷன் சிற்றியில் இந்நண்டுகளுக்கென அழகுப் போட்டியே நடந்து வந்துள்ளது. ஆயினும் இவை அக்கரைகளிற் பிறந்தவை அல்ல. வெப்பம் மிகுந்த கரிபியன் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இவற்றின் இந்து சமுத்திர உறவினங்கள் நமது இலங்கைக் கரைகளிலும் உலவுவன. ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

கம்பிக்கூடு ஒன்று, கடற்பஞ்சுத் துண்டு ஒன்று, சாயம் பூசிய ஓட்டினுள் நண்டு ஒன்று. இவ்வளவையும் சிறுவன் கையில் கொடுத்து, இதனைப் பேணுவது மிக எளிது என்று சொல்லியும் அனுப்புவர். அடுத்த விடுமுறையில் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போதுதான் அந்த எளிமையின் உண்மை தெரியவருகின்றது. நாயாயின் பசித்தாற் குரைக்கும். பூனையாயின் அயல்வீட்டு அடுக்களையைத் தேடிச் செல்லும். இச்சிறு பிராணியின் துயரமோ நம் செவிக்கு எட்டுவதேயில்லை.

இரவல் வீடும் அதனுள் இருக்கும் கடலும்

பயணம் புறப்படுவோர் முதலிற் கேட்பது, "நாங்கள் இல்லாத நாட்களில் இது எதனை உண்ணும்?" என்பதே. இயல்பான கேள்விதான், எனினும் முதற்கேள்வி அதுவன்று. "இது எவ்வாறு மூச்சுவிடும்?" என்பதே முதலிற் கேட்கவேண்டியது.

துறவி நண்டு தரையில் வாழ்ந்தாலும் அதற்கு நம்முடையவை போன்ற நுரையீரல் இல்லை. மீனுக்குள்ளவை போன்ற செவுள்களே, அதாவது நம் பாடநூல்கள் 'பூக்கள்' என்று கூறும் உறுப்புகளே, அதற்கும் உள்ளன. ஈரம் இருக்கும்வரையில்தான் அவை காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்கும்; உலர்ந்தால் தொழிற்படா. நத்தையோட்டினுள் சிறிதளவு நீரை எப்பொழுதும் தேக்கிவைத்துக்கொண்டு, அதனாற் செவுள்களையும் மென்மையான வயிற்றையும் நனைத்துக்கொள்வது இந்நண்டின் வழக்கம். ஆகவே இரவலாகப் பெற்ற அவ்வோடு, பகைவரிடமிருந்து காக்கும் கவசம் மட்டுமன்று; பிறந்த கடலிலிருந்து அது எடுத்துச் செல்லும் ஒரு துளிக் கடலுமாகும்.

அந்தத் துளி வற்றாதிருக்கவேண்டுமாயின் சூழ்ந்துள்ள காற்றும் ஈரமாயிருத்தல் வேண்டும். காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்துக்குக் குறையாமலும், வெப்பநிலை 24 பாகை முதல் 29 பாகை செல்சியஸ் வரையிலும் இருப்பது நலம். கம்பிக்கூட்டில் இது கைகூடாது. குளிர்நாட்டு வீடுகளில் மாரியில் வெப்பமூட்டியும் கோடையிற் குளிரூட்டியும் காற்றை உலர்த்திவிடுகின்றன. கூட்டிலே வைத்த கடற்பஞ்சு சில மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். பின்னர் தட்டு நிறைய உணவிருந்தும் நண்டு மெல்ல மெல்ல மூச்சடங்கி இறக்கும். அது நாட்கணக்கில், சிலவேளை கிழமைக்கணக்கில் நடக்கும் மரணம். நண்டு சோம்பலாக இருக்கின்றது என்றே வீட்டார் நினைத்திருப்பர்.

இதற்குப் பரிகாரம் கண்ணாடித் தொட்டியும் இறுகப் பொருந்தும் மூடியுமே. கடலீரம் போல நனைத்த மணலை ஆழமாக இட்டு மூடிவைத்தால், ஈரம் தொட்டியினுள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூடி மற்றுமொரு காரணத்தாலும் வேண்டியதாகின்றது. இந்நண்டுகள் ஏறுவதில் வல்லவை. சிறு இடுக்கிருப்பினும் வெளியேறிவிடும். வெளியேறிய நண்டு உலர்ந்த அறையிலே நெடுநாள் தரியாது.

நன்னீர் ஒரு கிண்ணத்திலும் உவர்நீர் ஒரு கிண்ணத்திலுமாக இருவகை நீரும் இருத்தல் வேண்டும். சமையலுப்பைக் கரைத்த நீர் கடல்நீராகாது; கடலிலே உப்புடன் மகனீசியம், கல்சியம் முதலியனவும் கலந்துள்ளன. மீன்தொட்டிகளுக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையே ஏற்றது. நகரங்களிற் குழாய்நீரிலே கலக்கப்படும் குளோரின், ஒருநாள் திறந்துவைத்தால் ஆவியாகிப் போய்விடும். சில நகரங்களிற் சேர்க்கப்படும் குளோரமீன் அவ்வாறு போகாது. அதனை நீக்கும் மருந்து சேர்த்த நீரை, செல்லும் நாட்களுக்கு வேண்டிய அளவு போத்தல்களில் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டுச் செல்வது அறிவுடைமை.

மடத்து வாழ்வு

துறவி நண்டு தனிமை விரும்பி என்ற எண்ணத்தை அறிவியல் ஏற்பதில்லை. கொஸ்தா ரிக்கா நாட்டின் பசிபிக் கரையில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வுகள் இதனை நன்கு விளக்கின. தரைத் துறவி நண்டுகள் தாம் குடியிருக்கும் ஓட்டின் உட்புறத்தைக் குடைந்து, அதன் பாரத்தைக் குறைத்து, இடத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. அவ்வாறு ஒருமுறை திருத்தப்பட்ட ஓட்டையே வளர்ந்த நண்டுகள் நாடுகின்றன. நத்தை அண்மையில் இறந்து விட்டுச்சென்ற கனத்த ஓட்டை அவை விரும்புவதில்லை. ஒரு நண்டின் வீடு அதற்கு முன்பிருந்த நண்டின் உழைப்பினால் ஆனது. அதற்கு முன்பிருந்ததற்கும் அதிற் பங்குண்டு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பழைய வீடு போன்றது அது.

புதிய ஓடொன்று கரையில் ஒதுங்கினாற் பல நண்டுகள் அதனைச் சூழ்ந்து கூடும். பெரியது அதனுட் புக, அது விட்ட ஓட்டினுள் அடுத்தது புக, இவ்வாறு பருமன் வரிசையில் எல்லாம் வீடு மாறிக்கொள்வதும் உண்டு. ஆயினும் மடத்திலும் பூசல் உண்டன்றோ? ஓடு போதாவிடின் வலிமையுள்ளது மெலிந்ததை இழுத்து வெளியேற்றப் பார்க்கும்.

ஊருக்குப் புறப்படுவோர் இதிலிருந்து அறியவேண்டியவை இரண்டு. கூடி வாழும் நண்டுகளைப் பிரித்து, ஒன்றை ஒரு நண்பர் வீட்டிலும் மற்றொன்றை வேறொரு வீட்டிலுமாக விட்டுச் செல்லலாகாது. மேலும், நண்டொன்றுக்கு மூன்றுக்குக் குறையாமல் வெற்றோடுகளைத் தொட்டியில் இடுதல் வேண்டும். அவை சாயம் பூசாதனவாய், இப்பொழுதுள்ள ஓட்டைவிடச் சற்றே அகன்ற வாயுடையனவாய் இருத்தல் நன்று. சாயம் பூசிய ஓட்டிலிருந்து உரியும் சாயம் நண்டின் உணவோடு சேர்ந்துவிடும்.

குகைத் தவம்

துறவி என்ற பெயர் இந்நண்டுக்கு ஒரேயொரு காலத்தில் முற்றும் பொருந்துகின்றது. அது சட்டையுரிக்கும் காலம். இரவல் ஓடு ஒருபுறமிருக்க, நண்டின் கால்களையும் முன்னுடலையும் மூடியிருக்கும் சொந்தக் கவசமொன்றும் உண்டு. உடல் வளர அக்கவசம் வளராது. ஆதலின் பாம்பு சட்டையுரிப்பது போல அதனைக் கழற்றிவிட்டுப் புதியதொன்று பெறவேண்டும். அதற்காக நண்டு ஈரமணலைத் தோண்டி உள்ளே சென்று, சிறு குகையொன்று அமைத்து, இருளிலே தங்கிவிடுகின்றது. பழைய கவசத்தைக் கழற்றி, அதனையே மெல்ல மெல்ல உண்டு, புதிய கவசம் இறுகும்வரை வெளிவராது. சிறிய நண்டுகளுக்கு இது சில கிழமைகளில் முடியும். பெரியவற்றுக்குப் பல மாதங்களும் செல்லும்.

ஆதலின் தொட்டியின் மணல் 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும், பெரிய நண்டின் ஓட்டு உயரத்தைப்போல மும்மடங்குக்குக் குறையாமலும் இருத்தல் அவசியம். கையிலே பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் அம்மணலுக்கு வேண்டும். அதற்குக் குறைந்தாற் குகை இடிந்து விழும்.

வெளியூர் சென்றிருக்கும் காலத்தில் நேரும் துயரங்களுள் மிகக் கொடியது இங்கேதான் பிறக்கின்றது. பார்த்துக்கொள்ள வந்த அயலவர் தொட்டியை எட்டிப் பார்ப்பார். நேற்று மூன்று நண்டுகள் இருந்தன. இன்று இரண்டுதான் உள. பதறிப்போய் மணலைக் கிளறுவார். கவசம் கழன்ற நிலையில் மெழுகு போன்ற மென்மையான உடல் கையில் அகப்படும். இறந்துவிட்டது என்று எண்ணி எடுத்து எறிந்தவர்களும் உண்டு. உயிரோடிருப்பதையறிந்து மீண்டும் வைத்தாலும் அவ்வுயிர் பிழைத்தல் அரிது. அன்பு மிகுதியாற் செய்த கொலை அது. மறைந்தது மறைந்தபடியே இருக்கட்டும் என்பதை அயலவருக்குச் சொல்லாமற் போனவரே அதற்குப் பொறுப்பாளி.

மெய்யாகவே இறந்ததை அறிவது எவ்வாறெனின், அழுகிய மீனின் நாற்றம் கடுமையாக எழுந்து நாளுக்கு நாள் மிகுமாயின் அதுவே அடையாளம். அசைவின்மை ஒரு சான்றாகாது.

அயலவர் கையில்

நம் இலக்கியத்திலே அடைக்கலம் என்னும் சொல்லின் பாரத்தை அறியாதார் இலர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் மதுரைப் புறஞ்சேரியிலே கண்ணகியை மாதரியிடம் ஒப்புவிக்கின்றார். அடைக்கலமாக ஏற்றவர்களைக் காக்க இயலாது போயிற்றே என்ற துயரினால் அந்த ஆயர்மகள் தீயிற் புகுந்தாள் என்று காப்பியம் சொல்லுகின்றது. மாதரி செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. தன்னால் அறியவும் தடுக்கவும் இயலாத ஒன்றுக்காக அவள் வருந்தினாள். சிறியவற்றைப் பெரியவற்றோடு ஒப்பிடலாகுமாயின், வளர்ப்புயிரை அயலவரிடம் விட்டுச் செல்வோர் அத்தகைய துயரை அவர்களுக்கு வைத்துவிட்டுச் செல்லலாகாது. அடைக்கலம் தருபவரின் கடமை பெரிது. அடைக்கலம் வைப்பவரின் கடமை அதனினும் பெரிது.

அக்கடமை புறப்படும் நாளில் தொடங்குவதன்று. இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே தொட்டியைச் செம்மைப்படுத்தி, ஈரப்பதன்மானியையும் வெப்பமானியையும் உள்ளே பொருத்துதல் வேண்டும். பின்னர், வீட்டிலே இருக்கும்போதே இரண்டு நாள் தொட்டியைத் திறவாது விட்டு, மானிகளை மட்டும் வெளியிலிருந்து பார்த்து வருதல் நன்று. ஈரம் குறையாது நின்றதாயின் கவலையில்லை. குறைந்ததாயின் மூடியிலே குறையுண்டு. நம் கண்முன்னே தெரியவரும் குறை நாம் இல்லாதபோது தெரியவருவதிலும் மேலானதன்றோ? குளிர்நாட்டார் செலவை எண்ணி வீட்டு வெப்பமூட்டியை அணைத்துச் செல்வது வழக்கம். அவ்வாறாயின் தொட்டிக்கெனத் தனி வெப்பமூட்டி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு, மணல் மட்டத்துக்கு மேலே பின்புறக் கண்ணாடியில் அமைதல் வேண்டும்.

இவையெல்லாம் செம்மையாக இருப்பின், இரண்டு மூன்று நாட் பயணத்துக்கு ஒருவரையும் தொந்தரவுபடுத்த வேண்டியதில்லை. புறப்படுமுன் பழம், மீன் முதலிய ஈரவுணவின் மிச்சத்தை அகற்றிவிட்டு, உலர்ந்த இலைச்சருகு, உலர்ந்த இறால், உலர்ந்த தேங்காய்த்துண்டு ஆகியவற்றை வைத்துச் சென்றாற் போதும். ஈரவுணவு அழுகி ஈயையும் உண்ணியையும் அழைக்கும். துறவி நண்டு உண்ணுவது மிகச் சிறிது. சில நாட் பசியைப் பொறுக்கவும் வல்லது.

ஒரு கிழமைக்கு மேற்பட்ட பயணமாயின் இரண்டு மூன்று நாளைக்கொருமுறை ஒருவர் வந்து பார்த்தல் வேண்டும். அவருக்கு வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாது, ஒரு தாளில் எழுதித் தொட்டியருகே ஒட்டிச் செல்வது உத்தமம். எழுதவேண்டியன மிகச் சிலவே. மானியிலே ஈரப்பதன் 75 வீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் போத்தலிலுள்ள நீரை மெல்லத் தெளிக்கவும். இரு கிண்ணங்களிலும் அவ்வவற்றுக்குரிய நீரை நிரப்பவும். பழைய உணவை எடுத்துப் புதியது வைக்கவும். மூடியை உடனே மூடவும். நண்டுகளை எண்ணவேண்டா, மணலைக் கிளறவேண்டா, கையில் எடுத்து விளையாடவேண்டா. நுளம்புச்சுருளோ பூச்சிமருந்தோ அவ்வறையிற் பயன்படுத்தவேண்டா. நண்டும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆதலின் பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும். ஓட்டைவிட்டு வெளியே கிடக்கும் நண்டைக் கண்டால், நனைத்த ஓடொன்றை அதனருகே வைத்து, இருளும் அமைதியும் உள்ளதாக இடத்தை மறைத்துவிட்டு விலகிநிற்கவும்.

இக்குறிப்புகளிற் பாதிக்கு மேற்பட்டவை செய்யாதிருக்கவேண்டியவை என்பதைக் காண்க. நல்ல காவலன் பலவேளைகளில் கைகட்டி நிற்பவனே.

கூடவே எடுத்துச் செல்லலாகாதா என்று கேட்போரும் உளர். சிறு தூரமாயின், ஈரப்பாசியிட்டு மூடிய பெட்டியில் எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒரு நண்டேனும் மணலுட் சென்றிருக்குமாயின் அதனைத் தோண்டியெடுத்தல் கூடாது. தங்குமிடத்தின் உலர்காற்றிலே சிறு பெட்டியில் வைத்திருப்பதை நோக்க, பழகிய தொட்டியில் விட்டுச் செல்வதே பெரும்பாலும் நலம்.

திரும்பிப் போக இயலாத விருந்தாளி

இத்துணைத் தொல்லையும் வேண்டுமோ என்று சலித்து, கடற்கரையிற் கொண்டுபோய் விட்டுவிடுவோரும் உண்டு. கரிபியன் நண்டை நியூ ஜேர்சிக் கரையில் விடுதல் அதனைக் குளிருக்கு இரையாக்குவதேயாகும். வெப்பமான வேற்றுக் கரையில் விட்டால் அங்குள்ள நண்டுகளுக்கு அது நோயைக் கொண்டுசெல்லவும் கூடும். கடற்கரையிலெல்லாம் வாழும் என்று தோன்றினாலும் அதற்குத் தன் கரை ஒன்றே கரை.

பிறப்பும் அவ்வாறே. தாய்நண்டு கடலோரம் சென்று அலையிலே முட்டைகளை விடுகின்றது. குஞ்சுகள் சில கிழமைகள் கடலில் மிதந்து வளர்ந்து, தமக்கேற்ற நுண்ணிய ஓடொன்றைத் தேடிக்கொண்டு கரையேறுகின்றன. கடலும் கரையும் சேர்ந்து வளர்க்கும் இக்குழந்தைகளை வீட்டுத் தொட்டியிலே வளர்த்தெடுத்தோர் மிகமிகச் சிலரே. ஆகையால் கடையில் விற்கப்படும் நண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே எங்கோ ஒரு கரையிலிருந்து பிடிக்கப்பட்டவை. யப்பான் 1970இல் தரைத் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச் செல்வமாக அறிவித்துக் காப்பளித்தது. அங்கே அனுமதி பெற்றவரே அவற்றைப் பிடிக்கலாம். எல்லா நாட்டுக் கரைகளுக்கும் அக்காப்பு இல்லை.

இந்நண்டின் ஆயுளும் சிறிதன்று. நன்கு பேணப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்த நண்டு அமெரிக்காவில் உண்டு. ஆனால் கம்பிக்கூட்டிற் போன நண்டுகள் பெரும்பாலும் சில மாதங்களைத் தாண்டுவதில்லை. முப்பது ஆண்டுக்கும் சில மாதத்துக்கும் இடையிலுள்ள இப்பெருந்தூரம், ஈரக் காற்றாலும் ஆழமணலாலும் ஆனது. பணக்காரர்க்கு மட்டும் கிட்டும் பொருள்களல்ல அவை, அறிந்தோர்க்குக் கிட்டுபவை.

ஆதலின், பிராணி ஒன்றை வாங்குமுன், "நான் வீட்டில் இல்லாத நாளில் இதன் கதி என்ன?" என்று கேட்டுப் பார்ப்பது நல்லதோர் உரைகல். அக்கேள்விக்கு விடையில்லாதவர் அதனைக் கரையிலேயே விட்டு, மாலைப்பொழுதில் அதன் ஊர்வலத்தைப் பார்த்து மகிழ்வதே முறை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்க்கோ வேறு வழியில்லை. பிறந்த கரையிலிருந்து அதனைப் பிரித்தபின், அதற்குக் கரையாக இருக்கும் கடமை அவரைச் சேர்ந்துவிட்டது. கரை விடுமுறையிற் செல்வதில்லை. செல்லவேண்டிய மனிதன், தான் இல்லாதபோதும் அந்த ஈரம் உலராதிருக்க வழிசெய்துவிட்டுப் புறப்படுவானாக.